கணிப்பொறி மாற்றமும் பொதுக் கோப்புகளின் பாதுகாப்பும்

(அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் பின் வந்த விண்டோஸ் 11ஐ, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணிப்பொறிகளில் முறைப்படி நிறுவ இயலாது. எனவே, நிதி ஒதுக்கீட்டிற்கேற்ப மாற்றம் பகுதி பகுதியாகவே நிகழும். புதியனவும் பழையனவும் ஒரே பிணையத்தில் சேர்ந்தியங்கும் இந்த இடைக்காலத்தில்தான் பொதுக் கோப்புகளுக்கு இடையூறு நேர்கிறது.

பல மேசைகளிலுள்ள கணிப்பொறிகள் ஒரே கோப்புறையைத் திறப்பதற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை துணைபுரிகிறது. இதன் தொடக்க வடிவம் 1980களில் உருவானது. இன்றைய பாதுகாப்புத் தேவைகளுக்கு அது ஈடுகொடுக்காது. 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பின் அலுவலக வகைகள், பரிமாறப்படும் ஒவ்வொரு செய்தியும் மின்முறையில் ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டுமென இயல்பாகவே வலியுறுத்துகின்றன. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவுக்கு இவ்வொப்பம் கிட்டாது. ஆகவே, நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்க மறுக்கிறது.

அப்போது எளிய வழியொன்று கண்ணுக்குத் தெரியும். புதிய காவலை நீக்கிவிட்டு, பழைய நெறிமுறைக்கு மீண்டும் உயிர்கொடுப்பதே அது. அதன் விலையை உலகம் 2017இல் கண்டது. அந்நெறிமுறையிலிருந்த குறைக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதை ஏற்காத கணிப்பொறிகளில் மே 12 அன்று வான்னாகிரை எனும் தீநிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பாதிப்புற்றது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் கைவிடப்பட்டன. திருத்தத்தை ஏற்கும் செலவைக் காட்டிலும் ஏற்காததன் செலவு மிகப் பெரிது.

எனவே மாற்றத்திற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலாவதாக, எந்தக் கோப்புறையை யார் படிக்கிறார், யார் திருத்துகிறார் என்ற பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். இரண்டாவதாக, கோப்புகளுக்குப் பிரதி எடுத்து, பிணையத்திலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். அப்பிரதியிலிருந்து சில கோப்புகளை மீட்டுப் பார்த்தாலன்றி அது பிரதியாகாது. மூன்றாவதாக, கோப்புகளைத் தாங்கும் சர்வரை முதலில் சீர்செய்து, ஒவ்வோர் அலுவலருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வழங்குதல் வேண்டும். அதன் பின்னரே மேசைக் கணிப்பொறிகளை மாற்றுதல் தகும். அதிலும் ஒரு பிரிவில் சோதித்தறிந்த பிறகே அடுத்த பிரிவுக்குச் செல்லுதல் நலம்.

பழைய நெறிமுறையை மட்டுமே அறிந்த ஸ்கேனர் ஒன்று எஞ்சக்கூடும். அதற்காக அலுவலகம் முழுவதன் காவலையும் தளர்த்துவது சிக்கனமாகாது. அதனைத் தனியே பிரித்து வைக்கலாம், அன்றேல் மாற்றிவிடலாம்.

ஓய்வூதியம் கோரும் முதியவரின் விண்ணப்பமும் நிலப் பதிவேடும் இக்கோப்புறைகளில்தான் உள்ளன. கணிப்பொறியை மாற்றுவது தொழில்நுட்பப் பணியாளரின் வேலையாயினும், அக்கோப்புகளைக் காப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.