கேமரா எட்டிப் பார்த்த குழி
(திரையிடலுக்கு முன் பேசியது)

இன்று பார்க்கப் போவது திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’, 2017இல் வந்த ஆவணப்படம். மதுரையில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறந்ததில் தொடங்கிய வேலை அது. சில ஆவணப்படங்களில் ஒரு குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் கேமரா ஓரமாக நின்று கவனிக்கும். இதில் மலம் அள்ளுபவர்களே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அருவருப்பான காட்சிகளையும் இயக்குநர் வெட்டவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் செப்டிக் டேங்க்தான். லாரி வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். போன முறை ஒருவர் கயிறுகூட இல்லாமல் உள்ளே காலை வைத்தார். நான் கத்தித்தான் நிறுத்தினேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். அடுத்த லாரியை யார் கூப்பிடுவது, யார் கூட நிற்பது என்று பேச வேண்டும்.