54,000 ரூபா கொடுத்தால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

(தோட்டச் சிறுவர் நிலைய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகு பார்க்கணும், டவுனுக்குப் போகணும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் இரண்டு பேர் மடிக்கணினியோடு லயம் லயமாக வந்து போனார்கள். உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். கணினியில் மொழி படிக்கும் மென்பொருள் விற்கிறார்கள். "ஆறே மாதத்தில் உங்க பிள்ளை வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசும்" என்பது அவர்கள் பேச்சு. விலை 54,000 ரூபா. தவணைக்கும் தருவார்களாம். அவர்கள் போன மறுநாள் ஒரு தாய் கொழுந்துக் கூடையோடு என் அலுவலகத்துக்கு வந்து, "ஐயா, செயின அடகு வச்சிரலாமா? புள்ள படிப்புக்குத்தானே" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

மனம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு கடைசியில் இதே மாதிரி வேறொரு குடும்பம் வந்து கேட்டது. நான் அப்போது யோசிக்கவில்லை. "படிப்புக்குத்தானே, வாங்குங்க" என்று தலையாட்டிவிட்டேன். ஐயா சொன்னால் சரி என்று அவர்களும் வாங்கினார்கள். நல்ல கணினி இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு பழைய தொலைபேசி. பிள்ளை பக்கத்து லயத்தில் கணினி இரவல் வாங்கிக் கொஞ்ச நாள் படித்தது. சாதாரணதரப் பரீட்சை நெருங்கவும் அதை விட்டுவிட்டது. ஒரு வருடம் முடிந்ததும் அந்த இரகசிய இலக்கம் வேலை செய்யாமல் போய்விட்டது. அது ஒரு வருடத்துக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகொரு நாள் வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். அலுமாரிக்கு மேலே அந்தப் பெட்டி பழைய சேலைத் துணியில் சுற்றி இருந்தது. "பத்திரமா இருக்குங்க ஐயா" என்றார் அந்த அம்மா. என்னைக் குறை சொல்ல அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

2024 செப்டெம்பரில் நாள் சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் 54,000 ரூபா என்பது 40 பேர். சேமலாப நிதியும் மற்றக் கழிவுகளும் போகக் கைக்கு வருவதைப் பார்த்தால் இன்னும் கூட. மழையிலும் அட்டைக்கடியிலும் நாற்பது நாள் மலை ஏறி இறங்கிய காசு. அதைக் கொடுக்கும் முன், கைக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

இந்த மென்பொருள் எல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். உலகத்தில் பேர் பெற்ற ஒன்று ரொசெட்டா ஸ்டோன். 1992இல் அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஆரம்பித்த கொம்பனி அது. அதை ஆரம்பித்தவர் ஜேர்மனியிலே இருந்து ஜேர்மன் மொழியைச் சுலபமாகக் கற்றவர். பிறகு வகுப்பில் உட்கார்ந்து ரஷ்ய மொழி படித்தபோது அது அவ்வளவு சுலபமாக ஏறவில்லை. அந்த ஊரிலேயே இருந்து படிக்கிற மாதிரி கணினியில் செய்தால் என்ன என்று யோசித்தார். அதனால் அதன் பாடமுறை மொழிபெயர்ப்பை நம்பியதல்ல. படம் வரும், குரல் வரும். ஒரு பிள்ளை ஆப்பிள் சாப்பிடுகிற படத்தைக் காட்டிச் சொல்லும். நாம் கேட்டுச் சரியான படத்தைத் தொட வேண்டும். நாம் பேசினால் உச்சரிப்பு சரியா என்றும் பார்க்கும். ஒரு காலத்தில் அந்தப் பெட்டி பல நூறு டொலர் விலைக்குப் போனது.

அதில் நல்லது இருக்கிறது. காது பழகும். பிழை விட்டால் சிரிக்க ஆள் இல்லை என்பதால் கூச்சப்படும் பிள்ளைக்கு அது ஒரு துணை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆப்பிளுக்குப் படம் காட்டலாம். "இருந்தாலும்", "ஒருவேளை", "போயிருக்கலாம்" இதுக்கெல்லாம் என்ன படம் காட்டுவது? அங்கேதான் பிள்ளை முழிக்கும். தமிழில் ஒரு வரி விளக்கம் இருந்தால் உடனே புரியும். அது அங்கே இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கொம்பனிக்காரரே மொழி கற்றது மனிதரோடு பழகித்தான். பெட்டி அதற்கு ஒரு நகல்தான்.

நம்ம தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்கு வரும்போது பாருங்கள். போகும்போது சிங்களத்தில் நாலு சொல் தெரியாது. வரும்போது டிக்கெட் போடுகிற கொண்டக்டரோடு சரளமாகப் பேசிக்கொண்டு வருகிறான். அவனுக்கு யார் பெட்டி விற்றார்கள்? பேசாவிட்டால் சாப்பாடு கிடையாது என்ற நிலைமை கற்றுக்கொடுத்தது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அதே பையனிடம் ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்தால் வாசிக்கத் திணறுவான். பேச்சு ஆளோடு வரும். எழுத்து உட்கார்ந்து படித்தால்தான் வரும். இரண்டும் வேண்டும்.

சரி, உட்கார்ந்து படிப்பது எப்படி? விலை கூடின மென்பொருளுக்கு உள்ளே இருக்கிற முக்கியமான சூட்சுமம் ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். அதற்குக் காசு தேவையில்லை.

ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்றொரு அறிஞர் இருந்தார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று தன்னை வைத்தே சோதித்து 1885இல் புத்தகம் எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்து போகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் திருப்பித் திருப்பிப் படிப்பதைவிட, நாள் விட்டு நாள் பார்த்தால் நன்றாக நிற்கிறது என்பதையும் அவரே கண்டார். இதை வைத்து செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1972இல் ஒரு பெட்டி முறை சொன்னார். நாம் அதை பிஸ்கட் டின்னில் செய்யலாம்.

பழைய அப்பியாசக் கொப்பி மட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல், மறுபக்கம் தமிழ். டின்னில் ஐந்து தட்டு மறித்துக்கொள்ளுங்கள். புதுச் சொல் எல்லாம் முதல் தட்டில் இருக்கும். அதைத் தினம் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த மட்டை இரண்டாம் தட்டுக்குப் போகும். அதை இரண்டு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். அடுத்தது நாலு நாள், அதற்கடுத்தது ஒரு கிழமை, கடைசித் தட்டு இரண்டு கிழமை. எந்தத் தட்டில் பிழைத்தாலும் அந்த மட்டை மறுபடி முதல் தட்டுக்கு வரும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், பதினைந்து நிமிடம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பிள்ளைக்கு இதில் காவல் இருக்கலாம். டின் திறந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும்.

காது பழகுவதற்கும் காசு கட்டத் தேவையில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலும் பி.பி.சி.யும் இங்கிலீஷ் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. 2012இல் வந்த டூயோலிங்கோ என்ற செயலியையும் விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் இலவசமாகப் பாவிக்கலாம். கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் தொலைபேசியில் வந்துவிட்டன. இலவசமாகக் கிடைப்பவற்றிலேயே, "இந்த வசனம் ஏன் பிழை, தமிழில் சொல்லு" என்று கேட்டால் சொல்கிறது. சில நேரம் அதுவும் பிழையாகச் சொல்லும். அதனால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டேட்டாவுக்குக் காசு போகும், அது உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலையில் கொடுக்கும் இங்கிலீஷ் புத்தகமும் இரண்டாம் மொழிச் சிங்களப் புத்தகமும் வீட்டில் இருக்கின்றன. பரீட்சையில் வருவது அதிலிருந்துதான். அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைக்கிறோம். எத்தனை வீட்டில் கடைசிப் பக்கம் வரை திறக்கிறோம்?

எந்த மொழி, எதற்கு என்பதையும் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். கந்தோர், பஸ், ஆஸ்பத்திரி, இந்த நாட்டில் வேலை, இதுக்கெல்லாம் சிங்களம் உதவும். ஆனால் நான் சொன்ன அந்தப் பேர் பெற்ற மென்பொருள்களில் சிங்களமே கிடையாது. அதற்கு அரசாங்கமே 2007இல் சட்டம் போட்டு தேசிய மொழிக் கல்வி பயிற்சி நிறுவகம் என்று அகலவத்தையில் அமைத்து வகுப்பு நடத்துகிறது. அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைக்கு மற்ற மொழி தெரிய வேண்டும் என்ற விதியும் அதே 2007இல் வந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சிங்களம் தெரியாது என்று கந்தோரில் தலை குனிந்து நிற்காதீர்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது உண்மை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. தமிழில் கேட்கவும் தமிழில் பதில் வாங்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. வெட்கத்துக்குப் பயந்து மொழி படிக்க வேண்டாம். பிரயோசனத்துக்காகப் படியுங்கள்.

கொரியாவுக்குப் போக நினைக்கிற தம்பிமாரும் கேளுங்கள். அங்கே வேலைக்கு எடுப்பது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக, கொரிய மொழிப் பரீட்சை சித்தியடைந்தால்தான். எந்த மென்பொருள்காரன் கொடுக்கிற சான்றிதழும் அந்தப் பரீட்சைக்கு ஈடாகாது. அதேபோல் பெட்டியோடு வருகிற இங்கிலீஷ் சான்றிதழ் சாதாரணதர இங்கிலீஷ் பெறுபேறு ஆகாது.

இனி யாராவது விற்க வந்தால், நான் அன்று கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்கள் கேளுங்கள். எந்தக் கருவியில் ஓடும், நம்ம தொலைபேசியில் இப்போதே ஓட்டிக் காட்டுவீர்களா? எத்தனை காலத்துக்குச் செல்லும்? இணையம் இல்லாமல் ஓடுமா? தமிழில் விளக்கம் உண்டா? ஒரு கிழமை சும்மா பாவிக்கத் தருவீர்களா? பிடிக்காவிட்டால் காசு திரும்ப வருமா, அதை எழுதித் தருவீர்களா? ஒன்றுக்காவது இழுத்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் யாருமே வாங்கக் கூடாதா? வீட்டில் கணினி இருக்கிறது, பிள்ளை இலவசப் பாடத்தை மூன்று மாதம் விடாமல் படித்திருக்கிறது, கடன் வாங்காமல் கையில் காசு இருக்கிறது என்றால் வாங்குவதில் பிழை இல்லை. இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் முக்கியம். தினம் பதினைந்து நிமிடம் உட்காராத பிள்ளை 54,000 ரூபா கட்டினாலும் உட்காராது. உட்காருகிற பிள்ளைக்கு பிஸ்கட் டின்னே வெகுதூரம் போகும்.

செயினைப் பற்றிக் கேட்ட அம்மா இங்கே இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன். அம்மா, என் பதில் இதுதான்: இப்போது வைக்க வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைக்குத் தேவை என்று பட்டால், வாங்கும் முன் நானே கூட வந்து அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன்.

வரும் செவ்வாயிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை இந்த மண்டபம் திறந்திருக்கும். நான் பெரிய படிப்பாளி இல்லை. என் இங்கிலீஷும் ஓட்டை இங்கிலீஷ்தான். ஆனால் பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிப் பழக ஒரு இடம் வேண்டும். உயர்தரம் படிக்கும் தங்கைமார் இரண்டு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் வேண்டும், நமக்குச் சிங்களம் வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. வரும்போது ஒரு வெறும் பிஸ்கட் டின்னும் ஒரு பழைய கொப்பி மட்டையும் கொண்டு வாருங்கள்.