கடலே இறுக்கும் மூடி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது பாண்டிருப்புத் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை ஒட்டி நீர்மூழ்கி செய்து, மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமா என்று கேட்டார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்திற் கிடக்கிறது. "தம்பி, மூடியை எப்படி இறுக்குவீர்?" என்றேன். "பெரிய போல்ட் பன்னிரண்டு போடுவேன்" என்றார். அந்த விடையைப் பற்றித்தான் இன்று பேச எழுந்தேன்.

ஆழத்தில் மூடியை இறுக்குவது போல்ட் அன்று, கடல். 50 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்ட மூடியைப் பத்து மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 2 தொன் பாரம் அமுக்கும். ஹேர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் அது 10 தொன் ஆகும். ஆகவே போத்தலுக்குத் தக்கை போல, மூடி வெளியிலிருந்து வந்து அமர வேண்டும். புட்டுப் பானையில் ஈரத்துணி சுற்றுவது உள்ளேயுள்ள ஆவி வெளியேறாதிருக்க. இங்கே தள்ளுவது வெளிப்புறம்.

அப்படியாயின் போல்ட் எதற்கு? கரையருகே, கடலின் பாரம் போதாத வேளையில், இறப்பர் வளையத்தை அமுக்கிப் பிடிப்பதற்கு. அந்த வளையம் இருக்கும் தவாளிப்பில் ஒரு மணற்பரல், ஒரு தலைமயிர் கிடந்தாலும் நீர் வழி கண்டுவிடும். நம் கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்!

அதனினும் பெரிய வில்லங்கம் மூடி அமரும் வாயில். பீப்பாய் சற்று நெளிந்தால் வட்டமான வாய் முட்டை வடிவாகும்; மூடி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. சென்னையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் 6000 மீற்றர் ஆழத்துக்கென உருவாக்கும் மத்ஸ்யா 6000 கலத்தில், மூவர் இருக்கும் அறை 80 மில்லிமீற்றர் தடித்த டைட்டேனிய உருண்டை. உருண்டையில் பாரம் எப்புறமும் ஒப்பப் பரவும். வாயும் எளிதில் நெளியாது.

2023 ஜூன் 18இல் டைட்டானிக் கப்பலைப் பார்க்கச் சென்ற டைட்டன் கலம் நொறுங்கி ஐவர் மாண்டனர். முறிந்தது கரிநாராற் செய்த உடற்பகுதி. ஆயினும் அதன் மூடியைப் பற்றியும் ஒன்று கேளுங்கள்: வெளியிலிருந்து 17 போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. பத்திரமாய் மேலே வந்து மிதந்தாலும், பிறர் வந்து கழற்றாமல் உள்ளிருப்போர் வெளியேற முடியாது. தம்பி, உமது பன்னிரண்டு போல்ட்டும் அப்படித்தானே?

இப்போது அவர் பீப்பாயை விட்டுவிட்டார். மூடியும் வளையமும் கொண்ட சிறிய இரும்புப் பேணி ஒன்று கடைந்திருக்கிறார். அதற்குள் உலர்ந்த பத்திரிகைத் துண்டை வைத்து, கல் கட்டி, தோணியிலிருந்து கயிற்றில் இறக்கப் போகிறோம். ஞாயிறு காலை, கடல் அமைதியாயிருந்தால். பார்க்க விரும்புவோர் வரலாம்.