வலி தணிவது வேறு, நோய் தீர்வது வேறு
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம் என்றதும் மேடையில் கைவீசும் வித்தைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதன் மருத்துவ வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

1845 ஏப்ரலில் வங்காளத்தின் ஹூக்ளியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், விரைவீக்கத்துக்குச் சிகிச்சை பெற்று வலியால் துடித்த ஒரு சிறைக்கைதியைக் கை அசைவுகளாலேயே துயிலில் ஆழ்த்தினார். ஈதர் மயக்க மருந்தின் ஆற்றல் பாஸ்டனில் மெய்ப்பிக்கப்பட்டது 1846 அக்டோபரில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர், யானைக்கால் நோயால் பெருத்த கட்டிகளையும் அவர் இம்முறையில் அகற்றினார். மணிக்கணக்கில் கையசைத்து உழைத்தவர்கள் பெரும்பாலும் இந்திய உதவியாளர்கள். நூல்களில் நிற்பதோ எஸ்டெய்லின் பெயர்.

அரசு அமைத்த குழு 1846இல் கல்கத்தாவில் இதைச் சோதித்தது. கத்தி பட்டபோது சில நோயாளிகளின் உடல் முறுக்கியது, முகம் கோணியது; விழித்ததும் வலி தெரியவில்லை என்றனர். உணராத வலியா, அடக்கிய வலியா? கம்பெனி மருத்துவரின் முன்னால் "வலித்தது" என்று சொல்லும் துணிவு ஓர் ஏழைக் குடியானவருக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

அதற்காக, அத்தனையும் நடிப்பு என்பதும் பொருந்தாது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு மருந்துப்போலி கொடுத்தனர். சிலருக்கு வலி தணிந்தது. அபின்வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலோக்சோனைச் செலுத்தியதும் வலி மீண்டும் கூடியது. நம்பிக்கை, உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியைத் தூண்டுகிறது என்பதற்கு இது சான்றானது.

எல்லை எங்கே? 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வு அதைக் காட்டுகிறது. சால்பியூட்டமால் உறிஞ்சியவர்கள் ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சின் அளவு 20 சதவீதம் உயர்ந்தது. போலி மருந்து உறிஞ்சியவர்களுக்கு 7 சதவீதம்தான். எதுவும் தரப்படாதவர்களுக்கும் அதே அளவுதான். ஆனால் "தேறிவிட்டது" என்று மட்டும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரேபோலக் கூறினர்! மூச்சு அடைத்திருக்கையிலேயே நிம்மதி தோன்றுவது, ஆஸ்துமாவில் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, மந்திரித்த நீரால் சுகம் கண்டேன் என்பவரைப் பொய்யர் என்று பரிகசிக்காதீர்கள். நம்மில் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கையோடு அழைத்துச் சென்று சளியைப் பரிசோதிக்க வையுங்கள், மூச்சை அளக்கச் சொல்லுங்கள். அவர் ஏன் அங்கு சென்றார் என்றும் கேளுங்கள். அங்கே ஒருவர் அமர்ந்து அவர் பேச்சைக் கேட்டிருப்பார். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலோ, நெடுவரிசையில் நின்றவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடமும் ஒரு சீட்டும். அங்குள்ள மருத்துவரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அந்தப் பணியிடத்தை நிரப்பக் கோரும் மனுவில், மருந்து இருப்போடு, நோயாளிக்குத் தரப்படும் நேரத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.