வாங்குமுன் ஒரு சவாரி

1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ஆங்கிலேயக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தோற்றுவித்த என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் உருவாகிப் பேர்பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிளின் மீது, தில்லியில் குடியேறிய தமிழருக்கு ஊர்ப்பாசம் இருப்பது இயல்பே. ஆயினும், தில்லியின் துவாரகாவில் அதை வாங்கப் புகும் அன்பர்கள், அந்தப் பாசத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கட்ட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

துவாரகாவின் செக்டர் சாலைகள் விசாலமானவை. அவற்றில் எந்த வண்டியும் சுகமாகவே தோன்றும். அடுத்துள்ள பாலம் கிராமத்துச் சந்துகளில், மனைவியையோ மகனையோ பின்னால் அமர்த்திக்கொண்டு, வேகத்தடைகளின் மீது ஏறி இறங்கும்போதுதான் அதன் உண்மை ஸ்வரூபம் புலப்படும். ஏறக்குறைய 195 கிலோ எடையுள்ள வண்டியை நிறுத்துகையில், இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிகின்றனவா, அல்லது குதிகால் அந்தரத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் சூடேறிய பின்னும் நியூட்ரல் எளிதில் விழ வேண்டும். கிளட்ச் பிடித்த இடக்கை நோகக் கூடாது.

125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதை நம்பியும் அவசரப்படாதீர்கள். ஓட்டுநர் உரிமமும் தலையில் ஹெல்மெட்டும் இல்லாமல், கடைக்காரர் நீட்டினாலும், சாவியை வாங்காதீர்கள்.