குளிர்காலையில் தடுமாறும் மோட்டார் வண்டி



நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. தை, மாசி மாதங்களில் அங்கே விடியற்பொழுதிற் புற்றரைமீது உறைபனி படிவதுமுண்டு. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ திறப்பைத் திருப்பியவுடன் உயிர்பெறும் மோட்டார் வண்டி, அம்மலையில் ஓரிரவு நின்றபின் மறுநாட்காலை இருமுகிறது, நடுங்குகிறது, பற்றிக்கொண்டதுபோற் காட்டி அணைந்துவிடுகிறது. இதன் காரணத்தை முறையாகக் கண்டறியும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

இஃது ஆடம்பரக்காரர் சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளும் கையிலிருந்த பழைய வண்டியைப் பேணியே பலர் காலந் தள்ளினர். 1948ஆம் ஆண்டிற் பிறந்த மொறிஸ் மைனர் இனத்து வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து விடியுமுன் நோயாளியை ஏற்றிச் செல்லவேண்டியவருக்கு, வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பது உயிர்ப் பிரச்சினை. பற்றரியொன்றின் விலையோ சம்பளக்காரர் ஒருவரின் மாத வருவாயிற் கணிசமான பங்கை விழுங்கிவிடும். காரணம் அறியாமற் பொருளை மாற்றினால், பணமும் போய்க் குறையும் எஞ்சி நிற்கும்.

குளிர் ஓர் எஞ்சினுக்கு என்ன செய்கிறது? மூன்று இடையூறுகளை விளைக்கின்றது. முதலாவது, எண்ணெயைத் தடிப்பாக்குகின்றது. ஆதலின் எஞ்சினைச் சுழற்றக் கூடிய வலு வேண்டும். இரண்டாவது, பற்றரியினுள் நிகழும் இரசாயன மாற்றத்தை மந்தப்படுத்துகின்றது. கூடிய வலு வேண்டிய அதே வேளையிற் குறைந்த வலுவே கிடைக்கின்றது. மூன்றாவது, பெற்றோல் ஆவியாவதைத் தடுக்கின்றது. பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரியும். குளிர்ந்த குழாய்ச் சுவர்களில் அது துளிகளாக ஒட்டிக்கொள்வதால், எஞ்சினுக்குட் சேரும் கலவை மெலிந்துவிடுகின்றது. இக்குறையை ஈடுசெய்யவே 'சோக்' என்னும் இழுப்புக் கம்பியை அமைத்தார்கள். மொறிஸ் மைனரின் காபுறேற்றரில் அக்கம்பி பெற்றோற் துவாரக் குழலைக் கீழே இறக்கிக் கூடுதலான பெற்றோலை உள்ளே விடுகின்றது.

வகுப்பில் ஒரு மாணவன் விடை கூறாதிருந்தால், கேள்வி காதில் விழவில்லையா, விளங்கவில்லையா, அல்லது பசியா என்று பார்த்தே நல்லாசிரியர் நடவடிக்கை எடுப்பார். வண்டியையும் அவ்வாறே வரிசையாக விசாரித்தல் வேண்டும்.

முதலிற் செவிகொடுத்துக் கேளுங்கள். எஞ்சின் மெதுவாக, முனகிக்கொண்டு சுழன்றால் முன்விளக்குகளை ஏற்றி மீண்டும் முயலுங்கள். விளக்கு அறவே மங்கினால், பற்றரி தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் வெண்பொடி படிந்து தொடர்பு கெட்டிருக்கலாம். புதிய பற்றரி வாங்குமுன் அம்முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்குக. 12 வோல்ற்றுப் பற்றரி இரவெல்லாம் ஓய்ந்திருந்தபின் 12.6 வோல்ற்றுக் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 ஆயின் பாதியே மிஞ்சியிருக்கின்றது என்று கொள்ளலாம். பின்னையதைச் சார்ஜ் ஏற்றிப் பார்க்காமற் குறைகூறல் தகாது.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றவில்லையெனின், தீப்பொறியையும் பெற்றோலையும் ஆராய வேண்டும். மலைநாட்டிற் குளிரோடு மூடுபனியும் சேர்ந்து வருகின்றது. டிஸ்றிபியூற்றர் மூடியிலும் கம்பிகளிலும் ஈரம் படியுமாயின், மின்சாரம் பிளக்கை அடையாமல் வெளியே கசிந்துவிடும். இருட்டிற் பொனற்றைத் திறந்து பார்த்தால், அக்கசிவு நீலப் பொறியாகத் தெரிவதுமுண்டு. எஞ்சினை நிறுத்தி, உலர்ந்த துணியால் துடைத்தவுடன் வண்டி கிளம்பினால், குற்றவாளி குளிரன்று, ஈரமே. வெடிப்புக் கண்ட மூடியையும் பழங்கம்பிகளையும் மட்டும் மாற்றினாற் போதும்.

அடுத்துப் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கரிய, உலர்ந்த புகைப்படிவு பெற்றோல் மிகுதியைக் காட்டும். பெற்றோலில் நனைந்திருப்பது தீப்பொறி இன்மையைக் காட்டும். சோக்கை வரம்பின்றி இழுத்ததாலும் அவ்வாறு நனையும். எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சினின் உட்தேய்மானத்தைக் காட்டும். மொறிஸ் மைனருக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்றிபியூற்றரினுள் இருக்கும் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம். இவை பிசகினாலே குளிர்காலைத் தடுமாற்றம் தொடங்கிவிடும்.

சோக் இல்லாத புதிய வண்டிகளில் அதன் வேலையைக் கணினி செய்கின்றது. குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சிறு உணரி ஒன்று எஞ்சினில் உண்டு. அது கெட்டு, குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று அறிவித்தால், கணினி பெற்றோலைக் குறைத்துவிடும், வண்டி நடுங்கும், சூடேறிய பின் சீராகும். மற்றொரு எளிய சோதனை: ஸ்ராட்டரை இயக்காமல், திறப்பை 'ஒன்' (ON) கட்டத்துக்குத் திருப்பிச் சில விநாடி பொறுத்து மூடுங்கள், இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின் கிளப்புங்கள். அப்போது மட்டும் நன்கு கிளம்பினால், பெற்றோற் குழாயின் அழுத்தம் இரவில் வடிந்துபோகின்றதென்று ஐயுறலாம். றப்பர்க் குழாய்கள் குளிரில் இறுகி வெடித்துக் காற்றை உள்ளே விடுவதும் உண்டு.

வீட்டில் தீர்க்கலாகாதவையும் உள. நீலப்புகை தொடர்ந்து வந்தாலோ, வெண்புகையுடன் குளிர்நீரும் நாளடைவிற் குறைந்து வந்தாலோ, காலந் தாழ்த்தாது கராஜை நாடுக.

ஓர் எச்சரிக்கை. எஞ்சினைச் சூடாக்குவதற்காக அடைத்த கொட்டகைக்குள் அதனை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. ஆளைக் கொல்ல வல்லது. வண்டி கிளம்பியவுடன் வெளியே கொணர்ந்து, முதற் சில மைல் மெதுவாக ஓட்டுவதே எஞ்சினைச் சூடாக்கும் நல்வழி. சோக் உள்ள வண்டியாயின் அதனைப் படிப்படியாக உள்ளே தள்ளிவிடுக; நெடுநேரம் இழுத்து வைத்தால், மிகுதிப் பெற்றோல் எண்ணெயைக் கழுவி எஞ்சினைத் தேய்க்கும்.

இவ்வளவுக்கும் வேண்டுவன ஒரு பிளக் சாவி, இடைவெளி அளக்கும் தகடு, வோல்ற்றுமானி, உலர்ந்த துணி ஆகியவையே. கராஜுக்குப் போக நேர்ந்தாலும் கேட்டதையும் கண்டதையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். எந்தப் பொழுதில், எவ்வகை ஒலியுடன், எத்தனை நிமிடம் வண்டி தடுமாறியதெனச் சொல்பவரிடம் மெக்கானிக்கும் குறையைத் தேடியே திருத்துவார். தேவையற்ற பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டி வராது.