ஆவண அறையின் சாவி



வரலாற்று ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். தேர்தல், அதிபர் என்று ஆரம்பித்தால் நாளைக் காலைச் செய்தித்தாளே என்னைப் பொய்யாக்கிவிடும். எனவே 1865 முதல் 1877 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘ரீகன்ஸ்ட்ரக்ஷன்’, அதாவது மறுகட்டமைப்புக் காலம். அதைப் பற்றி அறிஞர்கள் எழுதிய தீர்ப்பு எப்படித் தலைகீழானது என்பதுதான் இன்றைய பேச்சு.

வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஏறத்தாழ நாற்பது லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். 13ஆம் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 14ஆம் திருத்தம் அந்த மண்ணில் பிறந்த கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தந்தது. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இல் வந்த 15ஆம் திருத்தம் சொன்னது. (பெண்களுக்கு அப்போதும் வாக்கு இல்லை.) தென் கரோலினாவின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட் சபைக்குப் போனார். தென் மாநிலங்களில் பொதுப்பள்ளிகள் பரவலாக வேர்விட்டதும் அப்போதுதான். 1876 தேர்தல் தகராறில் போய் நின்றது. மறு ஆண்டு, தெற்கே எஞ்சியிருந்த மறுகட்டமைப்பு அரசுகளுக்குக் காவலாக நின்ற கூட்டரசுப் படையும் ஒதுங்கிக்கொண்டது. முதலில் துப்பாக்கியாலும், பிறகு வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு முதலிய தந்திரங்களாலும் கறுப்பினத்தவரின் வாக்கு பறிபோயிற்று.

நடந்தது இவ்வளவு. இனி, எழுதப்பட்டது.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியர் இருந்தார். 1907-இல் அவருடைய நூல் வந்தது. அவருடைய மாணவர்கள் மாநிலத்துக்கொரு நூலாக எழுதிக் குவித்தார்கள். ஆளத் தகுதியற்றவர்கள் கையில் ஆட்சி போனது, ஊழல் பெருகியது, கடைசியில் வெள்ளையர்கள் மீட்டெடுத்தார்கள் என்பது அவர்கள் கூறியதன் சாரம். அவர்களை உழைக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆவணங்களைப் புரட்டினார்கள், அடிக்குறிப்புகளை அடுக்கினார்கள். என்றாலும், தேடிப் போகுமுன்பே முடிவு அவர்கள் சட்டைப்பையில் இருந்தது. அந்த முடிவு ஊருக்கும் வசதியாக இருந்தது. ‘அவர்களுக்கு ஒரு முறை வாக்கு கொடுத்துப் பார்த்தோமே, என்ன ஆயிற்று?’ என்று கேட்க விரும்பியவர்களுக்குப் பல்கலைக்கழகமே பதில் எழுதிக் கொடுத்துவிட்டது. இதே கதையைச் சொன்ன ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் 1915-இல் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அப்போது அதிபராக இருந்த உட்ரோ வில்சனும் வரலாற்றாசிரியர்தான். அவர் நூலின் வரிகள் அந்தப் படத்தின் எழுத்தட்டைகளில் வந்தன.

மறுத்துப் பேச ஆள் இல்லாமல் இல்லை. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், 1909-இல் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தில் அந்தக் காலத்தின் நன்மைகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். மறு ஆண்டு கழகத்தின் இதழில் அது வெளியானது. ‘நீக்ரோ’ என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடுங்கள் என்று கேட்டார். இதழாசிரியர் மறுத்துவிட்டார். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அதனால் அந்த வலி நமக்கு உடனே உறைக்காது. பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் ‘அடேய்’ என்று கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1935-இல் டு பாய்ஸின் பெருநூல் ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்’ வந்தது. அடிமைகள் யாரோ வந்து விடுவிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, தோட்டங்களை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறியதே ஒரு பொது வேலைநிறுத்தம் என்றார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் தரைப்படையில் சேர்ந்ததைக் கணக்கில் வைத்தால் அது வெறும் கற்பனை இல்லை என்பது புரியும். வேலைநிறுத்தம் என்ற சொல் சற்றுப் பெரிதோ என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு. ஆனால் கேள்வியை மாற்றியவர் அவர்தான். கடைசி அத்தியாயத்தில் பள்ளிப் பாடநூல்களின் பொய்களைத் தோலுரித்தார். முன்பு அவர் கட்டுரையை வெளியிட்ட அந்த இதழ் இந்த நூலுக்கு ஒரு மதிப்புரைகூட எழுதவில்லை.

அவர் பெரும்பாலும் அச்சில் வந்தவற்றை வைத்தே எழுதினார் என்பது ஒரு குறையாகச் சொல்லப்படுவதுண்டு. தெற்கின் ஆவணக் காப்பகத்தில் ஒரு கறுப்பினத்தவர் அன்று எப்படி உட்கார முடியும்? கறுப்பின வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் மாணவராக வட கரோலினாவின் ராலி நகரக் காப்பகத்துக்குப் போன கதையைச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தை வரைந்தவர் உங்களைப் போன்ற ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை என்றார் இயக்குநர். சில நாள் கழித்துத் தனி அறை ஒன்று தயாரானது. வெள்ளைப் பணியாளர்கள் அவருக்குக் கட்டுகளை எடுத்துத் தர வேண்டாம் என்பதற்காக, அடுக்கறைச் சாவியையே அவர் கையில் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் சாவி இல்லை என்று வெள்ளை ஆய்வாளர்கள் முறையிட்டார்கள். சாவி திரும்ப வாங்கப்பட்டது, எல்லோரையும் போல அவருக்கும் கட்டுகளை எடுத்துத் தரும்படி பணியாளர்களுக்கு உத்தரவு போயிற்று. தீண்டாமை தன் காலிலேயே தடுக்கி விழுந்த அரிய காட்சி. அதே ஃபிராங்க்ளின் 1961-இல் மறுகட்டமைப்பைப் பற்றி நூல் எழுதினார், 1979-இல் வரலாற்றுக் கழகத்தின் தலைவரும் ஆனார்.

1988-இல் மறுகட்டமைப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனரின் பெருநூல் வந்தபோது டன்னிங் தரப்பு முற்றிலும் ஓய்ந்திருந்தது. ஃபோனரும் கொலம்பியாக்காரர்தான். தென் கரோலினா ஆளுநர்களுக்குச் சாதாரண மக்கள் எழுதிய கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் படித்தார். பெட்டிகள் டன்னிங் காலத்திலும் அங்கேதான் இருந்தன. இடையில், பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954-இன் தீர்ப்பும் 1965-இன் வாக்குரிமைச் சட்டமும் வந்திருந்தன. அவற்றுக்காக வீதியில் இறங்கியவர்கள், வரலாற்றாசிரியர்களுக்கும் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள் என்பேன்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க நல்லோருக்குக் காணிக்கையாக்கினார். அதே 1873 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர், பலர் சரணடைந்த பிறகு. பின்னாளில் மாநில அரசு அங்கே ஒரு பலகை நட்டது. அது படுகொலையைக் கலவரம் என்றது, வடக்கத்திய வந்தேறிகளின் கேடுகெட்ட ஆட்சி அத்துடன் ஒழிந்தது என்றும் பெருமைப்பட்டது. டன்னிங்கின் நூல்கள் நூலகத்தின் பின்னடுக்குக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பலகை நின்றுகொண்டிருந்தது. 2021-இல்தான் எடுத்தார்கள்.